மான்கள் பொறுக்கும் சத்தம்

யொக்மொக்
1996 பிப்ரவரி 4

அன்புள்ள தம்பி ஆந்தெ,

நான் சுகம். நீயும் மார்கரெத்தாவும் சுகம்தானே? உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் கொஞ்சம் அதிகம்தான், விறகு இருக்கிறது.

கையைப் பற்றி இரண்டு கடிதங்களில் கேட்டுவிட்டாய். அக்டோபரில் பட்டிக்குள் ஒரு கடா மானைச் சுருக்குக் கயிற்றால் பிடித்தபோது, கயிறு இடது கட்டைவிரலில் சுற்றிக்கொண்டது உனக்குத் தெரியும். காயம் ஆறிவிட்டது. விரல் மடங்குகிறது, ஆனால் இறுக்கிப் பிடிக்க மறுக்கிறது. காபிக் கோப்பையைப் பிடிக்கும், மோட்டார் சைக்கிளின் கிளட்சைப் பிடிக்காது.

பனிக்காலத்துக்குக் கவலையில்லை. பனிவண்டிக்குக் கிளட்ச் கிடையாது. கோடையில் மலைமேல் கலைமான்களைத் திரட்ட மோட்டார் சைக்கிள் இல்லாமல் முடியாது. பியெரா அண்ணன் நேற்று வந்திருந்தார்.

"ரிஸ்தின், உன் மானையெல்லாம் என் கூட்டத்தோட சேத்துர்றேன். காதுல உன் குறியே இருக்கட்டும். நீ ஊர்ல சூடா உக்காந்து டி.வி. பாரு" என்றார்.

"எனக்கு டி.வி. பிடிக்காதுண்ணே."

"பெரிசா ஒண்ணு வாங்கித் தர்றேன், பிடிச்சிரும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். பெரியப்பா மகன், வேறு எப்படிச் சொல்வார். இலையுதிர்காலத்தில் மேய்ப்பர்கள் கூட்டம் நடக்கும்போது பதில் சொல்கிறேன் என்றேன். அந்த அவகாசத்தில் ஒரு கோடை இருக்கிறது. அதில் என் மான்குட்டிகளை நானே திரட்டிக் காதில் என் குறியை வெட்டிவிட்டால் அவர் பேச்சு அடங்கும். இல்லையென்றால் டி.வி.தான்.

நீ ராணுவப் பட்டறையில் இருந்த காலத்தில் இடது கைப்பிடியில் எதுவுமே இல்லாத ஒரு வண்டியைப் பற்றிச் சொல்வாயே. அது இன்னும் எங்காவது கிடைக்குமா?

மார்கரெத்தாவுக்கு என் அன்பைச் சொல்.

அக்கா ரிஸ்தின்


ஏக்‌ஷோ
1996 பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

இங்கே இருவரும் நலம். முதுகு என்னோடு சமாதானமாக இருக்கிறது. உன் கையைச் சூட்டில் வைத்துக்கொள்.

வண்டி கிடைத்துவிட்டது. ராணுவம் கழித்துப் போட்டது, வயது இருபது. பச்சை நிறம் அப்படியே இருக்கிறது. பனியில் ஓட்டும்போது சிப்பாய்களின் கால் இரண்டும் பக்கத்துச் சறுக்குப் பலகைகளில் இருக்கும், கியரை மிதிக்கக் கால் கிடையாது. அதற்காகவே செய்த ஆட்டோமேட்டிக்.

கியர் பாக்ஸைப் பிரித்து மேசைமேல் பரப்பியிருக்கிறேன். மார்கரெத்தா சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். உள்ளே நான்கு உருளைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டைகள், கட்டைகளை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். வேகம் கூடினால் கட்டை வெளியே விரிந்து உருளையைக் கவ்வும், அடுத்த கியர் விழும். கையும் வேண்டாம், காலும் வேண்டாம்.

கவ்வும் கட்டைகள் தேய்ந்திருக்கின்றன, புதிதாக ஒட்டுகிறேன். ஒருபக்கம் மட்டும் சுழலும் பேரிங்குகளையும் மாற்றுகிறேன். பிறகு என் கைவேலையையும் கொஞ்சம் காட்டப்போகிறேன். நீ பார்த்ததேயில்லை, இல்லையா, நான் இங்கே என்ன செய்கிறேன் என்று.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ஆந்தெ


யொக்மொக்
1996 ஏப்ரல் 27

அன்புள்ள தம்பி,

சுகம்தானே? நான் சுகமாக இருக்கிறேன். சினை மான்கள் மலையைப் பார்த்து நகரத் தொடங்கிவிட்டன. நாங்களும் பின்னால் கிளம்பவேண்டும்.

வண்டி லாரியில் வந்து சேர்ந்தது. இறக்க நான்கு பேர் வந்தார்கள், ஆலோசனை சொல்லப் பத்துப் பேர். பியெரா அண்ணன் இடது கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"என்னடா இது, ஒரு பக்கம் மொட்டையா இருக்கு. பாதி வண்டிதான் அனுப்பிருக்கான் உன் தம்பி."

"மீதி உள்ள இருக்குண்ணே."

"உள்ள இருந்தா உடைஞ்சா யாரு பாக்குறது?"

"நான்தான்."

"ம். அப்ப ரெண்டு கோடை தாங்கும்."

முற்றத்துப் பனியில் ஓட்டினேன். ஆக்சிலரேட்டரைத் திருகினால் போகிறது, விட்டால் நிற்கிறது. வேறு வேலையே இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு கையாலும் ஒரு வண்டியைப் பிடித்தேன்.

நீ சிரமப்பட்டிருக்கிறாய், தெரிகிறது. நன்றாகச் சாப்பிடு.

ரிஸ்தின்


ஏக்‌ஷோ
1996 மே 11

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாய் என்று படித்ததில் நிம்மதி. இங்கே ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன, மார்கரெத்தாவுக்குத் தும்மல் ஓயவில்லை. மற்றபடி நலம்.

மலைக்குப் போகுமுன் மூன்று விஷயங்கள் சொல்லவேண்டும். கியர் பாக்ஸுக்குச் சிவப்பு ஆயில் மட்டும். ஆட்டோமேட்டிக் கார்களுக்கு ஊற்றும் மெல்லிய ஆயில் அது. பியெரா அண்ணன் கெட்டியான ஆயிலைக் கொண்டுவந்தால் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பு, கெட்டி ஆயிலில் கட்டை வழுக்கும். அடுத்தது, இறக்கத்தில் இஞ்சின் உன்னைப் பிடித்துக்கொள்ளாது. ஆக்சிலரேட்டரை விட்டதும் சக்கரம் சைக்கிள்போலத் தானாக உருளும். பிரேக் ஒன்றுதான் துணை, மேலேயிருந்தே பிடிக்கத் தொடங்கு.

மூன்றாவதுதான் என் கைவேலை. ராணுவ ஸ்பிரிங்குகளைக் கழற்றி நண்பன் ஸ்தீக்கிடம் கொடுத்துவிட்டு, பந்தயத்துக்கான கடினமான ஸ்பிரிங்குகளைப் போட்டிருக்கிறேன். கட்டைகள் தாமதமாகத்தான் விரியும். ஒவ்வொரு கியரும் தன் பலம் முழுவதையும் கொடுத்த பிறகுதான் அடுத்தது விழும். என் சொந்த வண்டியிலும் இதேதான். பழைய வண்டிகளுக்கான காட்டுப் பந்தயத்தில் சென்ற வாரம் மூன்றாவதாக வந்தேன். உன் மலை ஏற்றத்தில் அது சிங்கம்.

குட்டிகளைத் திரட்டியதும் எழுது.

ஆந்தெ


ஏக்‌ஷோ
1996 ஜூலை 8

அன்புள்ள அக்கா,

நலமா? கடிதமே காணோம். கோடைக் குடிசைக்குத் தபால் கொண்டுவரும் ஹெலிகாப்டர் பழுதா, அல்லது நீதான் வேலையில் மூழ்கிவிட்டாயா? மூழ்கியிருந்தால் சந்தோஷம்.

இங்கே எல்லாரும் நலம். சிங்கம் எப்படி ஏறுகிறது? எத்தனை குட்டிகளுக்குக் குறி வெட்டினாய்?

ஆந்தெ


கோடைக் குடிசை
1996 ஜூலை 20

அன்புள்ள தம்பி,

நான் நலம், கையும் இருக்கிறது. மார்கரெத்தாவின் தும்மல் நின்றதா?

எத்தனை என்று கேட்டிருக்கிறாய். மான் வைத்திருப்பவளிடம் எத்தனை என்று கேட்கக்கூடாது. தெற்கே போனவனுக்கு அதுவுமா மறந்துபோகும்? உன் வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்டேனா?

ஏரியில் மீன் நிறையக் கிடைக்கிறது. உப்பிட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கோடையில் திரட்டப் போகிறவர்கள் எல்லாருக்கும் நான்தான் காபி. நம் வழக்கப்படி கோப்பைக்குள் உலர்ந்த இறைச்சியைச் சீவிப்போட்டு, பாலாடைக்கட்டியும் போட்டு. பியெரா அண்ணனின் மகன்கள் கெட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறார்கள். கொசு குறைவு. வடக்குக் காற்று.

வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. குடிசைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன், தூசி படாமல்.

நீ கழற்றிய அந்தப் பழைய ஸ்பிரிங்குகள் ஸ்தீக்கிடம் இன்னும் இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


ஏக்‌ஷோ
1996 ஜூலை 27

அன்புள்ள அக்கா,

நலம். தும்மல் நின்றுவிட்டது. எண்ணிக்கையைக் கேட்டது தப்புதான். இனி கேட்கமாட்டேன்.

ஆனால் வண்டியைப் பற்றிக் கேட்கலாம், அது மான் இல்லை. திரட்டும் காலத்தில் ஓட்டுகிற வண்டியைத் தார்ப்பாய் போட்டு ஏன் மூடவேண்டும்? கியர் வழுக்குகிறதா? வழுக்கினால் காரணம் ஆயில்தான். பியெரா அண்ணன் உதவி செய்கிறேன் என்று எதையாவது ஊற்றியிருப்பார். முழுவதும் வடித்துவிட்டுச் சிவப்பு ஆயில் ஊற்று. பேருந்து மூலம் நான்கு டப்பா அனுப்பியிருக்கிறேன், அடுத்த ஹெலிகாப்டரில் வந்துவிடும்.

பழைய ஸ்பிரிங்குகள் போய்விட்டன. ஸ்தீக் அவற்றைப் பின்லாந்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். அவை உனக்கு எதற்கு? அவற்றைவிடப் பல மடங்கு நல்லது உன்னிடம் இருக்கிறது.

ஆயில் மாற்றிய பிறகும் சரியில்லையென்றால் ஒரு காரியம் செய். உன் டேப் ரெக்கார்டரில் வண்டியின் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பு. பக்கத்தில் வைக்காதே, எல்லாம் இரைச்சலாகிவிடும். மான் நிற்கிற தூரத்தில் ஒரு கல்மேல் வைத்துவிட்டு ஓட்டு. கேட்டாலே எந்தக் கியர் என்று சொல்லிவிடுவேன்.

ஆந்தெ


கோடைக் குடிசை
1996 ஆகஸ்ட் 8

அன்புள்ள தம்பி,

சுகம். ஆயில் வந்தது, மாற்றினேன். பழைய ஆயிலும் சிவப்பாகத்தான் இருந்தது. பியெரா அண்ணன்மேல் பழி போட்டாயே, பாவம்.

கேட்டபடி கேசட் வைத்திருக்கிறேன். ஹெலிகாப்டர் காத்திருப்பதால் போட்டுக் கேட்க நேரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ரிஸ்தின்


ஏக்‌ஷோ
1996 ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்கா,

இருவரும் நலம். உன் நலத்தை இந்த முறை கடிதத்தில் அல்ல, கேசட்டில் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை கேட்டபோது இஞ்சின் மட்டும்தான் காதில் விழுந்தது. ஒரே உதையில் கிளம்பியது. முதல் கியர் கத்திக்கொண்டு ஏறி ஏறி, உச்சிக்குப் போய், பிறகு இரண்டாவது. ஒரு துளி வழுக்கல் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மார்கரெத்தாவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன்.

அவள்தான் கேட்டாள், "அந்த மணிச் சத்தம் ஏன் நின்னுபோச்சு?"

திரும்ப ஓட்டிக் கேட்டேன். முன்னே போகும் மானின் கழுத்து மணி மெதுவாக அடித்துக்கொண்டிருக்கிறது. உன் முதல் கியர் ஏறத் தொடங்கியதும் நிற்கிறது. பிறகு ஒரேயடியாகக் குளம்புகள். பிறகு மணி எங்கோ தூரத்தில், வேகமாக.

நீ ரெக்கார்டரை அணைக்க மறந்துவிட்டாய். அதற்குப் பின்னால் இருந்ததை அப்படியே எழுதுகிறேன், நீயும் தெரிந்துகொள்ளவேண்டும்.

"ஓடிருச்சு பாத்தியா. போன மாசம் மாதிரியே." இது பியெரா அண்ணன்.

"கண்ணு இருக்குண்ணே எனக்கு."

"அன்னிக்குக் கணவாயத் தாண்டிப் போனதுல பாதி இன்னும் திரும்பல. அதுல உன்னுதுதான் நெறைய. தம்பிக்கு ஒரு வரி எழுதேன், இந்த ஸ்பிரிங்கு இங்க ஆகாதுடான்னு."

"குளிர்காலம் பூராவும் உக்காந்து பண்ணிருக்கான்."

"மானுக்குத் தெரியுமா அவன் உக்காந்தது?"

"அவன் இங்கேர்ந்து போயி இத்தன வருசத்துல, அவன் வேல என்னன்னு நம்ம கண்ணால பாத்தது இதுதான். அத நொள்ளைன்னு சொல்லவா?"

"அப்ப காபி போட்டுக்கிட்டே இரு." கொஞ்ச நேரம் காற்று. "நல்லாத்தான் போடுற."

அக்கா, காட்டுப் பந்தயத்தில் மரங்கள் ஓடுவதில்லை. நான் மரங்களுக்கு நடுவில் அதிக காலம் இருந்துவிட்டேன். மான் ஒரே சீராக வரும் சத்தத்தைப் பொறுக்கும், ஏறிக்கொண்டே போகிற சத்தத்தைப் பொறுக்காது. இது எனக்குத் தெரியாதது இல்லை.

இத்துடன் சின்னப் பொட்டலம் ஒன்று. மொபெட் கிளட்சிலிருந்து எடுத்த இளகிய ஸ்பிரிங்குகள், நீளம் சரியாகவே பொருந்துகிறது. என் வண்டியில் போட்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஓட்டிப் பார்த்தேன். நடக்கிற வேகத்திலேயே இரண்டாவது விழுகிறது, மூன்றாவது உடனே. பக்கத்து வீட்டுப் பசு தலை தூக்கவில்லை. பசு மான் ஆகாது, இங்கே கேட்க வேறு யாருமில்லை.

இடது பக்க மூடியைக் கழற்றுமுன் ஆயிலை வடி. ஸ்பிரிங்கின் கொக்கியை இடுக்கியால் இழுத்து மாட்டவேண்டும். அதற்கு இரண்டு வலுவான கை வேண்டும், பியெரா அண்ணனைக் கேள். செங்குத்தான ஏற்றத்தில் இழுவை குறையும், அங்கே இறங்கி வண்டியோடு நட. கட்டை கொஞ்சம் வழுக்கியே கவ்வும் என்பதால் ஆயில் சீக்கிரம் கறுக்கும். ஒவ்வொரு திரட்டலுக்குப் பிறகும் மாற்று.

நொள்ளை என்றால் நொள்ளை என்று சொல், அக்கா. நான் உடைந்துபோக மாட்டேன்.

ஆந்தெ


கோடைக் குடிசை
1996 செப்டம்பர் 14

அன்புள்ள தம்பி,

நலம்தானே? மலை சிவந்துவிட்டது, உச்சியில் முதல் பனியும் விழுந்துவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். இதை இந்த முறை யோசிக்காமல் எழுதுகிறேன்.

ஸ்பிரிங் மாட்டிய கதையைச் சொல்லவேண்டும். மூடியைக் கழற்றி, ஆயிலைச் சட்டியில் வடித்து, பியெரா அண்ணனைக் கூப்பிட்டேன். வாழ்நாளில் நான் அவரிடம் கேட்ட முதல் உதவி என்று அவரே சொன்னார்.

"புடிங்கண்ணே. இழுங்க. இன்னும்."

"நான் என்ன ஆஸ்பத்திரி நர்ஸா?"

"நர்ஸ் இவ்வளவு பேசாது."

"ஏ, இது பறந்துச்சுன்னா?"

"பறந்தா நீங்கதான் பாசியில தேடணும்."

ஒன்று பறந்தது. தேடினார். அதற்குப் பிறகு இறுக்கமாகப் பிடித்தார்.

சிதறிப்போன மான்கள் கீழ்ப் பள்ளத்தாக்கில் இருப்பதாகத் தெரிந்தது. போன வாரம் திரட்டல். குட்டிகள் இன்னும் தாயின் பின்னால்தான் போகின்றன. இப்போது விட்டால் தாயைப் பிரிந்துவிடும், பிறகு எந்தக் குட்டி யாருடையது என்று யாருமே சொல்ல முடியாது. நான் மேற்குப் பக்கச் சரிவை எடுத்துக்கொண்டேன். யாரும் காபி கேட்கவில்லை.

கூட வந்த நாய் திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டாவது விழுந்துவிட்டது. அப்புறம் ஒரே முனகல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முன்னால் நின்ற மான்கள் தலை தூக்கின. நான் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். ஒன்று குனிந்து மேயத் தொடங்கியது, பிறகு எல்லாமே. அவற்றை மேய்ந்தபடியே நகரவிட்டுப் பின்னால் போனேன். நீ சொன்னபடி ஏற்றத்தில் இறங்கி நடந்தேன். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி தானாக உருண்டது, பாசியில் டயர் உரசும் சத்தம் மட்டும். பழைய வண்டியில் இப்படி ஒருநாளும் இறங்கியதில்லை.

வயர்லெஸ்ஸில் பியெரா அண்ணன் பதறினார்.

"ரிஸ்தின், வண்டி நின்னுபோச்சா?"

"ஓடுதுண்ணே."

"சத்தமே காணோமே."

"மானைப் பாருங்க, தெரியும்."

தொலைநோக்கியை எடுத்துப் பார்த்திருக்கவேண்டும். பிறகு, "வருது. எல்லாம் வருது. அப்படியே வா, அவசரப்படாத" என்றார்.

பட்டியை மூடியபோது வெயில் இருந்தது. குறி வெட்ட ஆரம்பித்தோம். குட்டியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டால் இடது கை காதைத் தாங்கினால் போதும், இறுக்க வேண்டியதில்லை. மெதுவாகத்தான் வெட்டினேன், ஆனால் சுத்தமாக வெட்டினேன். எத்தனை என்று கேட்காதே. போதும் என்று சொல்கிற அளவுக்கு.

காபி குடிக்கும்போது பியெரா அண்ணன், "மேய்ப்பர் கூட்டத்துல உன் பேச்ச நான் எடுக்கல" என்றார். டி.வி. பேச்சையும் எடுக்கவில்லை.

இன்னொன்று. நெற்றியில் வெள்ளை உள்ள என் மான் ஒன்றின் பின்னால் ஒரு குட்டி வந்தது. அதன் காதில் என் குறியை வெட்டவில்லை. இடது காதின் நுனியில் பிளவு, வலது காதின் கீழே ஒரு பிறை. நீ போனபோது யாரும் உன் குறியை எடுத்துக்கொள்ள நான் விடவில்லை. வெட்டுவதற்குத்தான் இத்தனை வருடம் மனம் வரவில்லை. நீ திரும்பி வருவதில்லை என்பதால் வந்த கோபமாக இருக்கலாம். இப்போது மனம் வந்தது.

மார்கரெத்தாவிடம் சொல், மணி திரும்ப அடிக்கிறது என்று.

அக்கா


ஏக்‌ஷோ
1996 செப்டம்பர் 25

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்தது. நலம். மார்கரெத்தா வாசித்துக் காட்டச் சொன்னாள், நீயே படி என்று கொடுத்துவிட்டேன்.

பனிக்கு முன் கியர் பாக்ஸ் ஆயிலை வடித்துவிடு. அடியில் இருக்கும் மூடியில் காந்தம் வைத்திருக்கிறேன், அதில் மெல்லிய தூள் ஒட்டியிருந்தால் கவலையில்லை, துண்டாக இருந்தால் எழுது. ஸ்பிரிங்குகளை வசந்தத்தில் மாற்றவேண்டும், இளகிய ஸ்பிரிங் சீக்கிரம் தளரும். ஒரு தொகுதி கூடுதலாகச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். சங்கிலிக்கு எண்ணெய் விடு. டயரில் காற்றைக் குறைக்காதே.

அந்தக் குட்டி பெட்டையா, கடாவா?

ஆந்தெ


யொக்மொக்
1996 அக்டோபர் 6

அன்புள்ள தம்பி,

எல்லாரும் சுகம். ஆயிலை வடித்தேன். காந்தத்தில் தூள்தான், துண்டு இல்லை.

பெட்டை. இன்னும் இரண்டு வருடத்தில் ஈனும். அது ஈனும் குட்டியும் உன்னுடையது, அதற்குப் பிறகு வருவதும். இந்தக் கையால் என்னுடையவற்றுக்கு வெட்டவே எனக்குப் பொழுது சரியாக இருக்கிறது, ஆந்தெ. இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. உன் குட்டிகளுக்கு நீயே வந்து வெட்டு. ஜூலை கடைசியில் கொசுவும் குறைந்திருக்கும்.

அக்கா